மூன்றாம் நாள் ஒரு துளி ரத்தம்
பிறவித் தைராய்டு குறைபாடு: வாசகர் கேள்விகளும் மருத்துவக் குழுவின் பதில்களும்

பச்சிளங்குழந்தைகளுக்கான ரத்தப் பரிசோதனைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைத் தொடர்ந்து, தைராய்டு பற்றி மட்டுமே நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, தேர்ந்தெடுத்த சிலவற்றுக்குப் பதில் தருகிறோம். படிக்கும் முன் ஒரு வரி: கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தரும் ஹார்மோன் தைராக்சின் (டி4), அதைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன் டி.எஸ்.ஹெச். சுரப்பி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் டி4 குறையும், டி.எஸ்.ஹெச். உயரும், மூளை வளர்ச்சி கெடும்.

எங்கள் மகள் பிறந்து எட்டு நாள். மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். 62 என்று வந்திருக்கிறது. மறுபடி ரத்தம் எடுக்க உடனே வரச் சொல்கிறார்கள். பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள், அழுகையும் சத்தமாக இருக்கிறது. ‘பிறந்த குழந்தைக்கு அது கூடத்தான் இருக்கும், தீட்டு கழிந்ததும் போகலாம்’ என்கிறார் என் அம்மா. காத்திருக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

(இவருக்குக் கடிதம் கிடைத்த அன்றே பதில் சொல்லியாகிவிட்டது. மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே விரிவாக.)

காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. வெதுவெதுப்பான கருப்பையிலிருந்து குழந்தை வெளிக்குளிருக்கு வந்ததும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி ஒரேயடியாக டி.எஸ்.ஹெச்.சை அள்ளி விடும். பிறந்த அரை மணி நேரத்தில் அது 60, 80 வரைகூடப் போகும். ஒரு நாளில் 20 அளவுக்கு இறங்கி, முதல் வாரக் கடைசியில் 10க்குக் கீழே வந்துவிடும். இதற்காகத்தான் குதிகால் பரிசோதனையை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செய்யச் சொல்கிறார்கள். சுகப்பிரசவம், அடுத்த நாளே வீட்டுக்குப் போகிறோம் என்று 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்தம் எடுத்தால் பல குழந்தைகளுக்கு வீண் பயம் காட்டும். உங்கள் மகளுக்கு எடுத்தது மூன்றாம் நாள். அந்த 62ஐப் பிறந்த அதிர்ச்சியின் கணக்கில் எழுத முடியாது.

‘நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்பது ஆறுதல் அல்ல. கருவில் இருந்தவரை தாயின் தைராக்சின் கொஞ்சம் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த இருப்பு இன்னும் தீரவில்லை. இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிறந்தபோது பார்த்துச் சொல்லும்படி எந்த அடையாளமும் இருக்காது. அடையாளம் தெரியும்போது மூளை பல வாரங்களை இழந்திருக்கும்.

அடுத்து நடக்க வேண்டியது: நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக உள்ள தைராக்சின்) இரண்டையும் பார்ப்பார்கள். இந்தியக் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வார வயதுக்குள் டி.எஸ்.ஹெச். 20க்கு மேலும், இரண்டு வாரம் கடந்தால் 10க்கு மேலும் இருந்து, கூடவே ஃப்ரீ டி4 டெசிலிட்டருக்கு 1.17 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் நோய் உறுதி. முதல் பரிசோதனையிலேயே 40ஐத் தாண்டிய குழந்தைக்கு ரத்தத்தை எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் அன்றே மாத்திரை தொடங்குவதுதான் நல்ல நடைமுறை. முடிவு சரியாக வந்தால் நிறுத்திவிடலாம். நாலு நாள் தைராக்சின் ஒரு குழந்தையைக் கெடுக்காது. நாலு வாரம் தைராக்சின் இல்லாமல் போனால் கெடும்.

அறிக்கையில் இன்னொன்றையும் கவனியுங்கள். வடிதாளில் உலர்த்திய ரத்தத்தின் அளவைச் சில ஆய்வகங்கள் ‘முழு ரத்த’ அலகிலும், சில ‘சீரம்’ (ரத்த அணுக்கள் நீங்கிய தெளிநீர்) அலகிலும் தருகின்றன. முழு ரத்த எண்ணை 2.2ஆல் பெருக்கினால்தான் சீரம் அளவு கிடைக்கும். மேலே சொன்ன வரம்புகள் எல்லாம் சீரம் கணக்கு. ஒரு தாளில் 10 என்று போட்டிருப்பதும் இன்னொரு தாளில் 22 என்று போட்டிருப்பதும் ஒன்றாகவே இருக்கலாம்.

மாத்திரை தொடங்கச் சொன்ன மருத்துவரே கழுத்துக்கு ஸ்கேனும் எழுதியிருக்கிறார். மதுரையில் பத்து நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதுவரை மாத்திரையை நிறுத்தி வைத்தால் ஸ்கேன் தெளிவாக வரும் என்று தெரிந்தவர் சொல்கிறார்.
– வாசகி, சிவகங்கை

தெரிந்தவர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது, ஆனால் முன்னுரிமை தலைகீழ். சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படமெடுக்கும் டெக்னீசியம் ஸ்கேன், சுரப்பி இருக்கிறதா, நாக்கின் அடியில் தங்கிவிட்டதா, இடத்தில் இருந்தும் வேலை செய்யவில்லையா என்று காட்டும். டி.எஸ்.ஹெச். உயர்ந்திருக்கும்போதுதான் படம் சரியாக விழும். மாத்திரை தொடங்கி ஐந்தாறு நாளுக்குள் எடுத்துவிட்டால் படம் கிடைக்கும். அதற்குள் முடியாவிட்டால் ஸ்கேனைத் தள்ளுங்கள், மாத்திரையைத் தள்ளாதீர்கள். மூன்று வயதில் அதே படத்தை நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு அல்ட்ராசவுண்ட் போதும். சுரப்பி கழுத்தில் இருக்கிறதா என்பதை அது சொல்லும். நாக்கடியில் ஒளிந்திருப்பதை மட்டும் பெரும்பாலும் தவறவிடும்.

சில மருத்துவர்கள் முழங்காலுக்கு ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். நிறைமாதக் குழந்தைக்குத் தொடையெலும்பின் கீழ்முனையில் தெரிய வேண்டிய எலும்புப் புள்ளி இல்லையென்றால், குறை கருவிலேயே கடுமையாக இருந்திருக்கிறது என்று பொருள். மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்பதை எந்தப் படமும் முடிவு செய்வதில்லை. அதை ரத்தம் முடிவு செய்துவிட்டது.

3 கிலோ 100 கிராம் எடையுள்ள என் மகனுக்கு தைராக்சின் 37.5 மைக்ரோகிராம் தினமும் என்று எழுதியிருக்கிறார்கள். மருந்துக்கடையில் பெரியவர்களுக்கான மாத்திரைப் புட்டிதான் தருகிறார்கள். சிரப் இல்லையா? இதை எப்படிக் கொடுப்பது?
– வாசகி, விழுப்புரம்

அளவு சரிதான். பச்சிளங்குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். உங்கள் மகனுக்கு 31 முதல் 46 வரை வரும். 37.5 நடுவில் நிற்கிறது. கிலோ கணக்கில் பார்த்தால் இது பெரியவர்களுக்குத் தருவதைவிடப் பல மடங்கு. அதைக் கேட்டுப் பயந்து பாதியாகக் குறைத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. குறைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்குள் டி4ஐ மேலே கொண்டுவரத்தான் இந்த வேகம்.

மருந்துக்கடையில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கித் தரும் சிரப் வேண்டாம். தைராக்சின் தண்ணீரில் சரியாகக் கரையாது, நின்றால் அடியில் படியும், திரவத்தில் சீக்கிரம் வீரியம் இழக்கும். முதல் கரண்டியில் ஒரு அளவும் கடைசிக் கரண்டியில் இன்னொரு அளவுமாகப் போகும். ஆகவே மாத்திரைதான்.

வாங்கும்போது புட்டியின் மேல் 25 மைக்ரோகிராம் என்று இருக்கிறதா பாருங்கள். சில புட்டிகளில் அதே அளவை 0.025 மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். 12.5, 25, 62.5, 125 என்று பல வீரியங்கள் ஒரே வடிவப் புட்டியில் வருவதால் மாறிப்போவது நடக்கிற காரியம். உங்களுக்கு வேண்டியது 25இல் ஒன்றரை. அல்லது 25இல் ஒன்றும் 12.5இல் ஒன்றும். இரண்டாவது வழியில் வெட்டுகிற வேலை இல்லை. அரை மாத்திரை வெட்டத்தான் வேண்டும் என்றால் மாத்திரை வெட்டும் சிறு பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். அரிவாள்மனையில் வெட்டினால் ஒரு பக்கம் மூன்றில் இரண்டு, மறுபக்கம் தூள். மீந்த அரையை ஈரமில்லாத மூடிய டப்பாவில் வைத்து அடுத்த நாளே பயன்படுத்துங்கள்.

கொடுக்கும் முறை: நன்றாகத் துடைத்த, ஈரமே இல்லாத ஒரு எவர்சில்வர் கரண்டியில் மாத்திரையை வைத்து, இன்னொரு கரண்டியின் முதுகால் மாவாகும்வரை அழுத்துங்கள். அதே கரண்டியில் பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலோ கொதித்து ஆறிய தண்ணீரோ 2, 3 மில்லி விட்டுக் குழையுங்கள். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கரண்டியின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது வெறும் மாவல்ல, மருந்தும் சேர்ந்ததுதான். இன்னொரு 2 மில்லி விட்டுக் கழுவி அதையும் கொடுத்துவிடுங்கள். பல வீடுகளில் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அம்மிக் குழவியிலோ இடிகல்லிலோ பொடித்தால் கல்லின் நுண்துளைகளுக்குள் ஒரு பங்கு போய்விடும். 37.5 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் 37.5 பங்கு. அதில் சிந்துவதற்கு இடமில்லை.

பால் புட்டியில் மொத்தமாகக் கலக்காதீர்கள். குழந்தை பாதிப் பால் குடித்துத் தூங்கினால் பாதி மருந்தும் புட்டியிலேயே தூங்கும். முந்தின இரவே கலக்கி வைப்பதும் கூடாது.

நேரம்? பால் கொடுப்பதற்கு அரை மணி முன்பு என்றால் நல்லது. ஆனால் பசியில் வீறிடும் பச்சைக் குழந்தையை மருந்துக்காக அரை மணி அழவிடத் தேவையில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே முறை. அது மாறாமல் இருந்தால், பாலோடு கொஞ்சம் குறைவாக உறிஞ்சப்பட்டாலும் மருத்துவர் ரத்தத்தைப் பார்த்து அதற்கேற்ப அளவை வைத்துவிடுவார். ஒருநாள் காலை, ஒருநாள் மாலை என்றால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

புட்டியை அதன் சொந்த மூடியோடு, அடுப்பங்கரை அலமாரியிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காமல், வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். வெயில், ஈரம், சூடு மூன்றும் இந்த மாத்திரைக்கு ஆகாது. சித்திரை மாதத்தில் நிறுத்திய காருக்குள் ஒரு பகல் கிடந்த புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். விலை அதிகமில்லை.

கம்பெனி மாற்றாமல் ஒரே பெயரில் வாங்குங்கள். மாற்றியே தீர வேண்டியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி, நாலிலிருந்து ஆறு வாரத்தில் ரத்தம் பாருங்கள்.

மாத்திரை கொடுத்ததும் கக்கிவிட்டால்? ஒருநாள் மறந்துவிட்டால்?
– வாசகி, அரியலூர்

கொடுத்துப் பதினைந்து இருபது நிமிடத்துக்குள் மொத்தமாக வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுங்கள். கடைவாயில் வழியும் பால் கணக்கில்லை. மறந்தது அன்றைக்கே நினைவுக்கு வந்தால் அப்போதே கொடுங்கள். தைராக்சின் உடலில் நாள் கணக்கில் தங்கும் மருந்து என்பதால் ஒரு நாள் தவறியதால் ஆபத்து வராது. வாரத்துக்கு இரண்டு நாள் தவறினால் வரும். நாள்காட்டித் தாளில் கொடுத்தவுடன் ஒரு கோடு போடுங்கள். அப்பா ஒரு முறை, பாட்டி ஒரு முறை என்று இரண்டு தடவை கொடுப்பதையும் அது தடுக்கும்.

என் பேரனுக்கு 24 நாள். மஞ்சள் காமாலை இன்னும் இறங்கவில்லை. காலை வெயிலில் காட்டுகிறோம். மூன்று நாளுக்கு ஒரு முறைதான் மலம் போகிறான். சாதுவான குழந்தை, எழுப்பினால்தான் பால். பிறந்த இடத்தில் குதிகால் பரிசோதனை எதுவும் செய்யவில்லை.
– வாசகி, தென்காசி

வெயிலில் காட்டுவதை விட்டுவிட்டு நாளைக் காலை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள் அம்மா. இரண்டு வாரம் தாண்டிய காமாலை, மலச்சிக்கல், எழுப்பினால்தான் பால் – இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியவற்றில் தைராய்டு ஒன்று. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சில நாள் மலம் போகாமல் இருப்பது தனியாக வந்தால் பெரிதல்ல. கூட்டாக வரும்போது பெரிது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை வேறு சிலவும் உண்டு. நாக்கு வாய்க்கு வெளியே துருத்தி நிற்கிறதா, அழுகை கரகரவென்று தொண்டை கட்டியதுபோல் இருக்கிறதா, கை கால் சில்லென்று வலைவலையாக நிறம் மாறுகிறதா, தொப்புள் பிதுங்கியிருக்கிறதா, தூக்கினால் துவண்டு விழுகிறானா? தலையின் பின்பக்கச் சிறு உச்சிக்குழி விரல் நுனி பதியும்படி திறந்திருப்பதும் ஒரு துப்பு. இவை எதுவும் இல்லாவிட்டாலும் ரத்தம் பார்க்கத்தான் வேண்டும்.

‘சாதுவான குழந்தை’ என்று எத்தனையோ பாட்டிகள் மெச்சிக்கொண்ட குழந்தைகளுக்குத் தைராக்சின் இல்லாமல் இருந்திருக்கிறது. காமாலை இறங்காததற்குப் பித்தநாள அடைப்பும் காரணமாகலாம். மலம் வெள்ளைச் சுண்ணாம்புபோல் போனால் அதையும் சொல்லுங்கள். அதற்கும் நாள் கணக்கு உண்டு.

மலேசியாவில் பிறந்த என் மகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே டி.எஸ்.ஹெச். பார்த்தார்கள். 28 என்று வந்தது. ஏழாம் நாள் மறுபடி பார்த்தபோது 6, டி4ம் சரி. நிம்மதியாக இருக்கலாமா?
– வாசகி, பினாங்கு

இருக்கலாம். மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் கொடி ரத்தப் பரிசோதனைதான் வழக்கம். தாயும் சேயும் வீட்டுக்குப் போவதற்குள் முடிவு கையில் வந்துவிடும் என்பது அதன் வசதி. பிரசவத்தில் குழந்தை திணறியிருந்தால் கொடி ரத்தத்தில் அளவு சற்றுத் தூக்கிக் காட்டும். ஏழாம் நாள் 6 என்பது இயல்பு.

ஒரு விதிவிலக்கு: குறைமாதமாகவோ மிகக் குறைந்த எடையிலோ பிறந்திருந்தால், இரட்டையரில் ஒருத்தியாக இருந்தால், தீவிர சிகிச்சையில் இருந்திருந்தால், ரத்தம் ஏற்றியிருந்தால் ஒரு முறை சரி என்று வந்ததோடு விடக் கூடாது. குறைமாதக் குழந்தையின் பிட்யூட்டரி தாமதமாகத்தான் குரல் கொடுக்கும். ஒரே கருமுட்டை இரட்டையரில் நல்ல குழந்தையின் ஹார்மோன் மற்றதற்கும் போய் உண்மையை மறைக்கும். ஏற்றிய ரத்தம் பிறருடைய எண்ணைக் காட்டும். இவர்களுக்கு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு ஆறாம் மாதம், ஒரு வயது, அதன்பின் ஆண்டுதோறும்.

ஏழு மாதம் ஆகிறது. போன மாதம்வரை எல்லாம் சரியாக இருந்தது. இப்போது டி.எஸ்.ஹெச். 11. மாத்திரை தவறாமல் 37.5 கொடுக்கிறேன். எடை ஏழரைக் கிலோ. மருந்து கெட்டுவிட்டதா?
– வாசகி, ஈரோடு

மருந்தைச் சந்தேகப்படும் முன் எடையைக் கணக்குப் போடுங்கள். 3 கிலோவில் 37.5 என்பது கிலோவுக்கு 12.5. ஏழரைக் கிலோவில் அதே 37.5 கிலோவுக்கு வெறும் 5. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை கிலோவுக்கு 6 முதல் 8 வேண்டும், அதாவது 45 முதல் 60. குழந்தை வளர்ந்துவிட்டாள், அளவு வளரவில்லை. அவ்வளவுதான். இடைப்பட்ட மூன்று முதல் ஆறு மாதத்துக்கு 8 முதல் 10, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்கு 5 முதல் 6 என்று, கிலோ கணக்கு குறைந்துகொண்டே போனாலும் மொத்த அளவு கூடிக்கொண்டே போகும்.

இரண்டாவது, ஆறாம் மாதத்தில் உங்கள் வீட்டில் என்ன புதிதாக வந்தது? பெரும்பாலும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் சத்துமாவும். இரும்பும் கால்சியமும் குடலிலேயே தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைச் சத்துமாவிலும் வீட்டில் அரைப்பதிலும் சோயா சேர்ந்திருந்தால் அதுவும் அப்படியே. கேழ்வரகுக் கூழில் கால்சியம் மிகுதி. எதையும் நிறுத்த வேண்டாம். மாத்திரை விடியற்காலை, சொட்டு மருந்து மாலை என்று நாலு மணி நேர இடைவெளி விட்டால் போதும்.

ரத்தப் பரிசோதனை நாளில், ரத்தம் எடுத்த பிறகு மாத்திரையைக் கொடுங்கள். கொடுத்த சூட்டோடு எடுத்தால் டி4 பொய்யாக உயர்ந்து நிற்கும். நான்கு வாரம் அசட்டையாக இருந்துவிட்டுக் கடைசி மூன்று நாள் ஒழுங்காகக் கொடுத்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும்: டி4 சரி, டி.எஸ்.ஹெச். மட்டும் உயரத்தில். இதைப் பார்த்தவுடன் அனுபவமுள்ள மருத்துவர் அளவைக் கூட்ட மாட்டார், ‘யார் கொடுக்கிறீர்கள், எப்படிக் கொடுக்கிறீர்கள்’ என்றுதான் கேட்பார்.

பரிசோதனை அட்டவணை: தொடங்கி இரண்டு வாரத்தில் டி4, ஒரு மாதத்தில் டி4ம் டி.எஸ்.ஹெச்.சும், ஆறு மாதம்வரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மூன்று வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஃப்ரீ டி4 அந்த வயதுக்கான வரம்பின் மேல்பாதியில் நிற்க வேண்டும். அதற்கும் மேலே போய்விட்டால் குழந்தை தூங்காது, சிடுசிடுக்கும், நெஞ்சு படபடவென அடிக்கும், தின்றும் எடை ஏறாது. நீண்ட நாள் மிகை அளவில் இருந்தால் மண்டையோட்டு மூட்டுகள் முன்கூட்டியே இறுகும் ஆபத்தும் உண்டு.

கர்ப்பத்திலிருந்தே எனக்குத் தைராய்டு குறைவு, 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். என் குழந்தைக்கும் வருமா? பால் கொடுக்கலாமா? என் பாலிலேயே அந்த ஹார்மோன் போய்விடாதா?
– வாசகி, தாம்பரம்

உங்களுக்கு இருப்பதால் குழந்தைக்கும் இருக்கும் என்பதில்லை. பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் உடலே தன் சுரப்பியைத் தாக்குவதால். குழந்தைக்கு வருவது சுரப்பி சரியாக உருவாகாததால். அரிதாக, உங்கள் ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புரதம் குழந்தைக்குள் போய் அதன் சுரப்பியைச் சில மாதம் அடக்கி வைக்கும். எதிர்ப்புரதம் கரைந்ததும் சரியாகும். மூன்றாம் நாள் பரிசோதனை இதையும் காட்டிக்கொடுக்கும்.

பால் தாராளமாகக் கொடுங்கள், உங்கள் மாத்திரையையும் விடாதீர்கள். பாலில் போவது மிகமிகக் கொஞ்சம். குழந்தைக்குக் குறை இருந்தால் அது ஈடுசெய்யாது.

மாமன் மகளைக் கட்டியிருக்கிறேன். முதல் குழந்தைக்கு இந்தக் குறை. இரண்டாவதுக்கும் வருமா?
– வாசகர், நாமக்கல்

‘சுரப்பி இடத்தில் இருக்கிறதா?’ என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். பதில் அதில் இருக்கிறது.

சுரப்பி இல்லை, அல்லது நாக்கடியில் நின்றுவிட்டது என்றால் அது பெரும்பாலும் தற்செயல். அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. சுரப்பி இடத்தில் இருந்து, கொஞ்சம் வீங்கியும் இருந்து, ஹார்மோன் மட்டும் தயாரிக்க முடியவில்லை என்றால் அது மரபணுக் கோளாறு. தாய் தந்தை இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை சேரும்போது வருவது. ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒன்று வாய்ப்பு. சொந்தத்தில் மணம் முடிப்பவர்களிடம் இந்த இரண்டாவது வகை கூடுதல். இதில் ஒரு பிரிவில் காது கேளாமையும் சேர்ந்து வரும் என்பதால் முதல் குழந்தைக்குக் கேட்புத் திறன் பரிசோதனை அவசியம்.

அடுத்த கர்ப்பத்துக்குப் பயப்பட வேண்டாம். பிறந்ததும் கொடி ரத்தமும் மூன்றாம் நாள் ரத்தமும் எடுக்க ஏற்பாடு செய்துகொண்டால் இது முழுமையாகச் சமாளிக்கக்கூடிய குறை.

டி4 குறைவு, ஆனால் டி.எஸ்.ஹெச். 3தான். பிட்யூட்டரி கோளாறு என்கிறார்கள். மாத்திரை தராமல் முதலில் கார்டிசால் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள்தான் தாமதம் கூடாது என்றீர்களே?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் மருத்துவர் செய்வது சரி. தட்டிக் கேட்கும் டி.எஸ்.ஹெச்.சே வராததால் சுரப்பி சும்மா இருக்கிறது. பிட்யூட்டரி கெட்டிருந்தால், கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் கட்டளை போகாமல் இருக்கலாம். தைராக்சின் உடலின் வேகத்தைக் கூட்டி, இருக்கும் கொஞ்சக் கார்டிசாலையும் செலவழித்துவிடும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே கார்டிசாலைப் பார்த்து, குறைவாக இருந்தால் முதலில் அதைக் கொடுத்து, பிறகு தைராக்சின். இதற்கு ஆவது ஓரிரு நாள்தான்.

டி.எஸ்.ஹெச். மட்டும் பார்க்கும் பரிசோதனையில் இந்த வகைக் குழந்தைகள் நழுவிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து சர்க்கரை அடிக்கடி இறங்குவது, ஆண் குழந்தைக்கு ஆண்குறி மிகச் சிறிதாக இருப்பது, அண்ணப் பிளவு – இவை இருந்தால் டி4ஐயும் கேட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இனி டி.எஸ்.ஹெச். எண்ணைப் பார்த்து அளவு வைக்க முடியாது, டி4தான் வழிகாட்டி.

வாழ்நாள் முழுவதும் மாத்திரையா? மூன்று வயதில் நிறுத்திவிடலாம் என்கிறார்களே?
– வாசகி, புதுச்சேரி

சிலருக்கு நிறுத்தலாம். சுரப்பியே இல்லாதவர்களுக்கும் இடம் மாறி நிற்பவர்களுக்கும் அந்தப் பேச்சே இல்லை. ஒரு வயதுக்கு மேல் மாத்திரை அளவு குறைந்தபோது டி.எஸ்.ஹெச். 10ஐத் தாண்டிய குழந்தைக்கும் நிரந்தரம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சுரப்பி இடத்தில் இருந்து, குறைந்த அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தால் மூன்று வயதில் மருத்துவர் நான்கு வாரம் நிறுத்திப் பார்ப்பார், அல்லது பாதியாக்கிப் பார்ப்பார். தாயின் எதிர்ப்புரதம், தாய் சாப்பிட்ட தைராய்டு மிகைக்கான மருந்து, குழந்தையின் தொப்புளில் நாள்கணக்கில் தடவிய அயோடின் கரைசல் போன்றவற்றால் வந்தது என்றால் போய்விட்டிருக்கும். ஏன் மூன்று வயது? மூளை வளர்ச்சி தைராக்சினை மிகவும் நம்பியிருக்கும் காலம் அதற்குள் கடந்துவிடும். அதற்கு முன் ‘தாள் நார்மல்’ என்று வீட்டாரே நிறுத்துவதுதான் பெரிய விபத்து. தாள் நார்மலாக இருப்பது மாத்திரையால்.

முட்டைக்கோஸ் ஆகாதா? அயோடின் உப்பு கூட்டினால் மாத்திரை குறையுமா?
– வாசகி, காரைக்கால்

சமைத்த முட்டைக்கோஸ் தாராளமாக ஆகும். உப்பைக் கூட்டினால் மாத்திரை குறையாது. அயோடின் என்பது மூலப்பொருள், தயாரிக்கும் பட்டறையே இல்லாதபோது அதைக் கொட்டி என்ன செய்வது?

எங்கள் மகனுக்குப் பதினான்காம் மாதத்தில்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது இரண்டு வயது. நடக்கிறான், பேச்சு இல்லை. இனி என்ன செய்யலாம்?
– வாசகி, திருவண்ணாமலை

முதலில், மாத்திரையால் கிடைத்தவை உண்மையானவை. உயரம், மலச்சிக்கல், சுறுசுறுப்பு, நடை எல்லாம் இன்னும் தேறும். அறிவு வளர்ச்சியில் இழந்ததெல்லாம் திரும்பும் என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவது. குழந்தைப் பரிசோதனைத் திட்டங்கள் வருமுன், 1972இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது: மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கியவர்களின் சராசரி நுண்ணறிவு எண் 89, மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் தொடங்கியவர்களுக்கு 71, அதற்குப் பின் 54. சில ஆண்டுகளில் கனடாவின் கியூபெக்கில் ழான் டுசோ குழுவினர் வடிதாள் ரத்தத்தில் தைராய்டைப் பார்க்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று முதல் இரண்டு வாரத்தில் போதிய அளவில் தொடங்கும் குழந்தைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கிறார்கள். சராசரி எண் உங்கள் மகனுடைய எண் அல்ல. எவ்வளவு கடுமையான குறை, சுரப்பியில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு குழந்தையும் வேறு.

இப்போது செய்ய வேண்டியது: காது கேட்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பேச்சு வராததற்கு அதுவே காரணமாக இருந்தால் ஒவ்வொரு மாதமும் நட்டம். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ உள்ள குழந்தைகள் தொடக்கநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. 2013இல் தொடங்கியபோதே அதன் நோய்ப் பட்டியலில் பிறவித் தைராய்டு குறைபாடும் இடம்பெற்றது. பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி, வளர்ச்சி மதிப்பீடு எல்லாம் அங்கே கட்டணமில்லாமல் கிடைக்கும். போகும்போது மாத்திரைப் புட்டி, இதுவரை எடுத்த எல்லா ரத்தத் தாள்கள், எடை உயரம் குறித்த அட்டை மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடைசித் தாளை மட்டும் பார்த்து யாராலும் அளவு சொல்ல முடியாது.